அரைப்பேர்

வாட்டுமாடியில் மூன்றாவது ஜன்னலருகே மட்டும்
சிக்னல் இரண்டு கோடு ஏறும்.
மஸ்கெலியா மழையில் ஒன்று.
அந்த ஒற்றைக் கோட்டின் மேல் நின்று
ஆறு வருஷம் ஒரு பாலத்தைக் காத்தேன்.

கொழுந்து வாடும் நேரம் நீளமானது.
ஃபேன் இரைச்சலுக்குள் வாள் சத்தம் கேட்காது;
அடி விழுந்ததை உள்ளங்கை நடுக்கம்தான் சொல்லும்.
இடது தூணில் மாத்தளை றிஸ்மி.
வலது தூணில் பதுளை ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து கௌசி,
டியூட்டி மாறும் வரை.
நடுவில் துருக்கிக்காரன் ஒருத்தன்.
அவன் பாஷையில் எங்களுக்குத் தெரிந்தது ‘தமாம்’.
எங்கள் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது ‘ஓடு’.
இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை படையைத் திருப்பி அனுப்பினோம்!

சாம்பல் வாள் கிடைக்க எனக்கு அறுபத்தோரு இரவு.
அறுபதாவது இரவில் கரண்ட் போனது.
அதையும் எண்ணிக்கொள்கிறேன்.

போன மாசி அப்டேட்டில் அதே வாள்
பெட்டியில் வந்தது, முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு.
நேற்றுப் பிறந்த கணக்கொன்று, பெயர்கூட வைக்காதது,
அதை இடுப்பில் தொங்கவிட்டு என்னைக் கடந்து போனது.
நடக்கவே தெரியவில்லை அதற்கு,
சுவரில் முட்டி முட்டி.

ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு கடிதம் வரும்:
அன்பான வீரரே, நீங்கள் கேட்டதையே செய்திருக்கிறோம்.
நான் கேட்டது ஒன்றே ஒன்று:
பாலத்தில் நாலாவது பலகை வழுக்குகிறது, திருத்துங்கள்.
அதை மட்டும் அவர்கள் செய்யவில்லை.
எதிரிகளை நாங்கள் அந்தப் பலகையில்தான் விழுத்தினோம்.

முந்தி ஒரு நாளுக்கு இருபது ஓநாய்.
பிறகு முப்பத்தைந்து. இப்போது ஐம்பது.
நாற்பத்தொன்பது அடித்தால் பாதிக் கூலி.
விடிய வீட்டுக்கு வந்து சுகந்தினியிடம் காட்டினேன்.
இடுப்பில் படங்கு சுற்றிக்கொண்டே பார்த்தாள்.
‘ஒரு கிலோ கொறஞ்சா அரைப்பேரு.
இங்கயுமா தராசு வச்சிட்டானுங்க?’
சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறிப் போனாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓசி விளையாட்டுதானே, என்கிறார்கள்.
காசு கொடுக்காதவன் கணக்குக் கேட்கலாமா?
சரி. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
நானும் ஒரு பெட்டி வாங்கினேன்,
சீனிக்குத் தந்த காசில், ரீலோட் கடையில்.
உள்ளே ஒரு தொப்பி.
ஏற்கெனவே என்னிடம் இருந்த தொப்பி.
கடையில் சீனி முடிந்துவிட்டதாம் என்றேன் வீட்டில்.
இரண்டு நாள் எல்லோரும் சும்மா தேத்தண்ணி குடித்தோம்.

றிஸ்மி கட்டாருக்குப் போனான்.
கௌசி ஒரு நாள் ‘தூக்கம் வருது அண்ணா’ என்று எழுதினாள்,
அதோடு சரி.
துருக்கிக்காரன் பெயருக்குக் கீழே
‘கடைசியாக வந்தது நானூற்றுப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்.’
பாலம் இருந்த இடத்தில் கடைத்தெரு.
ஆற்றையும் தூர்த்துவிட்டார்கள்.
மவுசாகலையில் தண்ணீர் இறங்கினால்
மூழ்கிய பழைய டவுனின் கோயில் சுவர் வெளியே வரும்,
சனம் போய்ப் படம் எடுக்கும்.
இங்கே எந்த வரட்சிக்கு என் தூண் தெரியும்?

இரண்டு மணிக்கு ரோலர் ஓடத் தொடங்கும் முன்
அழிக்கும் பட்டனை அழுத்தினேன்.
‘விலகக் காரணம் என்ன? ஒன்றைத் தெரிவு செய்க.’
நான்கு காரணம் வைத்திருந்தார்கள்,
நான்கும் வேறு யாருடையதோ.
‘மற்றவை’யைத் தொட்டதும் சின்னதாய் ஒரு கட்டம் திறந்தது.
பாலம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
தமாம் என்று எழுதினேன்.
மழை. ஒரு கோடு.
சுழல்கிறது, சுழல்கிறது, இன்னும் போகவில்லை.
கொழுந்து வாடிருச்சா என்று
கீழேயிருந்து யாரோ கத்துகிறார்கள்.